வார்னிங் வள்ளம்

மீனவர் சங்கத்து மாடிக்குப் பதினேழு படி. முழங்கால் சரியில்லாத பெர்க்மான்ஸ் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வைத்துத்தான் ஏறுவார். அதனால் அவர் வருவது ஜெனோவா டீச்சருக்கு முதல் படியிலேயே தெரிந்துவிடும்.

டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. மாணவருக்கு ஐம்பத்திரண்டு. இதென்ன தலைகீழ் பள்ளிக்கூடம் என்று ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கடலுக்குப் போக முழங்கால் விடாது என்று ஆனபிறகு பெர்க்மான்ஸுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தார்.

படத்தைத் தொட்டுத் தொட்டுச் செய்கிற கம்ப்யூட்டர் வேலை இல்லை இது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்ட வேண்டும். பதில் எழுத்தாக வரும்.

"வயர்லெஸ்ல பேசுற மாதிரியே இருக்கு டீச்சர்" என்றார் முதல் நாளே. அன்றிலிருந்து ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை.

ஊரில் நாற்பத்தொரு வள்ளம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி. தான் கடலில் எங்கே இருக்கிறேன் என்று அந்தப் பெட்டி கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சங்கத்துக் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு நிரல் உண்டு. கேட்டால் வரிவரியாகப் பதில் தரும். வள்ளத்தின் பெயர், கரையிலிருந்து எத்தனை மைல், அவ்வளவுதான்.

பெர்க்மான்ஸ் அந்தப் பதிலை வாங்கிக் குரலாக மாற்றுகிற ஒரு குட்டி நிரலைத் தானே எழுதினார். டீச்சர் ஒரு எழுத்துகூடத் தொடவில்லை. அந்தக் குரல் மாதா கோயில் கோபுரத்து ஸ்பீக்கருக்குப் போனது. காலை பத்து மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை ஊர் முழுக்கக் கேட்கும். "வளனார் வள்ளம், ஆறு மைல். ஸ்டெல்லா வள்ளம், எட்டு மைல்." அதைக் கேட்டுத்தான் பெண்கள் உலை வைத்தார்கள். அதைக் கேட்டுத்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கினார்கள்.

நான்காம் நாள் ஸ்பீக்கர் இப்படிச் சொன்னது.

"வார்னிங் வள்ளம், நாற்பது மைல்."

ஊரில் அப்படியொரு வள்ளம் கிடையாது.

நடந்தது இதுதான். ஏதாவது ஒரு பெட்டியிலிருந்து சேதி வராமல் போனால், பெரிய நிரல் அந்த வள்ளம் கடைசியாகச் சொன்ன தூரத்தையே திருப்பிச் சொல்லும். கூடவே, இது நாற்பது நிமிஷத்துக்கு முந்திய சேதி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதும். அந்த வரி 'வார்னிங்' என்று தொடங்கும். பெர்க்மான்ஸின் குட்டி நிரலுக்குத் தெரிந்ததோ இரண்டே விஷயம். முதல் சொல் வள்ளத்தின் பெயர். முதலில் வருகிற எண் மைல்.

விடுவார்களா ஊரில்?

"வார்னிங் யாரு வீட்டு வள்ளம்ல? நாப்பது மைல் போயிருக்கான், எமகாதகப் பய!"

பெர்க்மான்ஸின் தங்கை டெல்பின். அவள் புருஷன் ரோமால்டு, வளனார் வள்ளத்துக்காரன். அவன்தான் எல்லாரையும்விட மோசம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அத்தனை சனத்துக்கு நடுவில் சாமியாரை நிறுத்திக் கேட்டான்.

"சாமி, எங்க மச்சான் புதுசா ஒரு வள்ளம் இறக்கியிருக்காவ. வார்னிங்னு பேரு. எப்ப வந்து மந்திரிச்சுத் தருவிய?"

சாமியாரே சிரித்துவிட்டார்.

பெர்க்மான்ஸ் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. டீச்சரிடம் கேட்கலாம் என்றால், மூன்று வாரப் பயிற்சி நடத்த அவர் சென்னைக்குப் போயிருந்தார். பெர்க்மான்ஸ் தானே புத்தகத்தைப் புரட்டினார். கட்டளையின் கடைசியில் ஒரு சின்னக் குறியைச் சேர்த்தால் போதும், வார்னிங் வரிகளெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குழியில் போய் விழுந்துவிடும் என்று போட்டிருந்தது. அந்தக் குழியில் விழுந்தது திரும்பி வராது. சேர்த்தார். அடுத்த அரை மணிக்கு ஸ்பீக்கர் பளிங்கு மாதிரிப் பேசியது.

டீச்சர் ஊர் திரும்பிய மறுநாள், மத்தியானம் ஒன்றரை மணிக்கு, பதினேழு முனகலோடு பெர்க்மான்ஸ் மாடிக்கு வந்தார். முகமெல்லாம் பெருமை.

"டீச்சர், மூணு வாரமா ஒரு கசடு இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில். ஒரு சொல்லு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

டீச்சர் அவர் காட்டிய வரியைப் படித்தார். கடைசியிலிருந்த குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிடிச்சிருக்கா அண்ணாச்சி, இப்படி இருக்கிறது?"

"பிடிக்காம? மனுசங்களும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!"

"சரி" என்றார் டீச்சர்.

பெர்க்மான்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார்.

"டீ இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

பிளாஸ்கிலிருந்து ஊற்றி ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது.

"என்ன டீச்சர், ஊசிப்போயிருக்கு? எப்பப் போட்டது?"

"நேத்துக் காலையில."

"அட, சொல்லக் கூடாதா?"

"டீ இருக்கான்னு கேட்டீங்க. இருந்துச்சு."

பெர்க்மான்ஸ் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சென்னைக்குப் போய்வந்த களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"கீழ செல்லையா கடை திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

பதினேழு படி இறங்கினார். பதினேழு படி ஏறினார். இந்தத் தடவை முனகல் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"பால் வரலையாம். டீ கிடையாதாம்."

"ஆமா. காலையிலயே சொன்னாரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா என்னை இந்தக் காலோட இறங்க விட்டிய?" பெர்க்மான்ஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்ன விளையாட்டு டீச்சர் இது?"

"கடை திறந்திருக்கான்னுதான கேட்டீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். பிடிச்சிருக்குன்னீங்க."

பெர்க்மான்ஸ் அவரையே பார்த்தார். பிறகு விஷயம் பிடிபட்டுச் சிரித்துவிட்டார்.

"குத்திக் காட்டுதீங்களாக்கும். டீச்சர், நான் செஞ்சது மெஷினுக்கு. அந்தக் குட்டி நிரலுக்கு வார்னிங்கும் தெரியாது, வள்ளமும் தெரியாது. அதுக்கு எதுக்கு இந்தப் புலம்பலெல்லாம்?"

"அதுக்கு வேண்டாந்தான். நீங்க சொன்னது சரி."

"அப்புறம் என்ன?"

அதற்கு டீச்சர் பதில் சொல்லுமுன் மணி இரண்டு ஆனது. ஜன்னல் வழியாக ஸ்பீக்கர் கேட்டது. பெர்க்மான்ஸ் விரலை உயர்த்தி, கேளுங்கள் என்று சாடை காட்டினார்.

"வளனார் வள்ளம், நான்கு மைல்" என்றது ஸ்பீக்கர். சுத்தமான குரல்.

ஐந்து நிமிஷத்தில் பெர்க்மான்ஸின் போன் அடித்தது. டெல்பின்.

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு நாலு மைலுன்னு சொல்லிச்சு. பன்னெண்டரைக்கும் நாலு மைலு. ஒரு மணிக்கும் நாலு மைலு. இப்பவும் நாலு மைலுங்குது. நாலு மைல் வர முக்கா மணி நேரம் போதாதா?"

"வலை வாங்கிட்டு இருப்பான் பிள்ள."

"வலையெல்லாம் வாங்கியாச்சு, கிளம்பிட்டோம்னு பதினோரு மணிக்கே போன் போட்டாவ. அதுக்கப்புறம் போனே போகல."

பெர்க்மான்ஸ் எழுந்துவிட்டார்.

"ஏன் பிள்ள முதல்லயே சொல்லல?"

"முன்னாடியெல்லாம் வார்னிங்னு ஒரு வள்ளம் வருமே அண்ணே. அது யாரு பேருக்குப் பின்னாடி வருதோ, அந்த வீட்டு ஆளு அன்னைக்கு லேட்டாத்தான் வரும். சிரிச்சாலும் நாங்க அதக் கவனிச்சு வச்சிருந்தோம். அது கேட்டா உடனே போயி விசாரிப்போம். மூணு வாரமா அது வரவே இல்ல. எல்லாம் சரியாயிட்டுன்னு நினைச்சோம்."

பெர்க்மான்ஸ் போனை வைத்தார். கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து, கட்டளையின் கடைசியிலிருந்த அந்தக் குறியை அழித்துவிட்டுத் தட்டினார்.

வளனார் வள்ளத்தின் வரிக்கு அடுத்த வரியே அதுதான். வார்னிங். வளனார். நூற்று நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு முந்திய சேதி.

"பதினொன்னு நாப்பது" என்றார் டீச்சர், மனதுக்குள் கழித்துப் பார்த்து. "அதோட பெட்டி பேச்ச நிறுத்தியிருக்கு. வள்ளத்துல எத்தனை பேரு?"

"மூணு பேரு. ரோமால்டு, அவன் தம்பி, இன்னொரு ஆளு."

"அப்ப நாலு மைல்ல நின்னிருக்காங்க. இஞ்சின் நின்னுபோயிருந்தா இப்ப எங்க இருப்பாங்க அண்ணாச்சி? இத கம்ப்யூட்டர் சொல்லாது."

பெர்க்மான்ஸ் கண்ணை மூடினார். முப்பது வருஷம் கடலில் இருந்த மனுஷன்.

"கச்சான் காத்து, மேக்க இருந்து அடிக்குது. நீரோட்டமும் கிழக்கதான் இழுக்கும். எட்டு மைல், ஒம்பது மைல் இருக்கும் இப்ப. இன்னும் போயிட்டா பாறைப் பக்கம்."

வயர்லெஸ்ஸை எடுத்தார். ஸ்டெல்லா வள்ளம் இன்னும் கடலில்தான் இருந்தது, அதைக் கிழக்கே திருப்பினார். கரையிலிருந்து இரண்டு வள்ளம் பத்து நிமிஷத்தில் இறங்கின. இனிச் செய்ய ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும். டெல்பின் படியேறி வந்து, ஜன்னல் ஓரம் தரையில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மணி ஆனது. வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்.

"நான் அதுகிட்டத் தூரம் கேட்டேன்" என்றார் பெர்க்மான்ஸ் மெதுவாக. "நாலு மைல்னு சொல்லிச்சு. பொய் சொல்லல, என்ன டீச்சர்?"

"பொய் சொல்லல."

"ஆனா பழைய சேதின்னு சொல்லலையே."

"சொல்லிச்சு அண்ணாச்சி. பன்னெண்டு மணிக்கே சொல்லிச்சு. அரை மணிக்கு ஒரு தடவை சொல்லிட்டேதான் இருந்துச்சு. நீங்க கேக்கல."

பெர்க்மான்ஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகையை அடக்க அவர் முயலவே இல்லை. டீச்சர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நாலு இருபதுக்கு வயர்லெஸ் பேசியது. ஸ்டெல்லாக்காரன்.

"கெடச்சிட்டாவ! மூணு பேரும் இருக்காவ. கட்டி இழுத்துட்டு வாறோம். பாறைக்கு அரை மைல் கூட இல்ல அண்ணாச்சி, மாதா காப்பாத்துனா!"

டெல்பின் அப்படியே ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தாள். பிறகு எழுந்து கீழே ஓடினாள். பெர்க்மான்ஸும் போனார். இந்தத் தடவை ஒரு படியிலும் அவர் முனகல் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரோமால்டு மாடிக்கு வந்தான். வெயிலில் உதடு வெடித்திருந்தது. தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியில் அறுந்த கயிறு சுற்றி இஞ்சின் நின்றுபோனதையும், ஒரு அலை ஏறிப் பெட்டியும் போனும் நனைந்துபோனதையும் சொன்னான். பெர்க்மான்ஸ் எழுந்து நின்றார்.

"மாப்ள, என்னை மன்னிச்சிரு. தப்பு என் மேலதான். நான்தான் அத மூடி வச்சேன்."

ரோமால்டு கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்திருந்தால் பெர்க்மான்ஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தண்ணி ஒரு மணிக்கே தீந்துபோச்சு மச்சான். தம்பி பயந்துட்டான். நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன், பயப்படாதல, பெட்டி பேசலன்னதும் கரையில தெரிஞ்சிருக்கும், மச்சான் இந்நேரம் ஆள் அனுப்பியிருப்பாவன்னு. அதச் சொல்லிச் சொல்லித்தான் அவன உக்கார வச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். இறங்கிப் போனான்.

பெர்க்மான்ஸ் திரை முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு ஒரு முடிவோடு திரும்பினார்.

"டீச்சர், இனிமே நான் ஒண்ணையும் மூடுறதா இல்ல. எல்லாம் ஸ்பீக்கர்லயே போகட்டும். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்."

"ஸ்பீக்கர்ல எதுக்கு? அந்தக் குட்டி நிரலுக்குத்தான் அது புரியாதே."

"அப்ப எங்க விடுறது?"

"இந்த நிரலுக்கு ரெண்டு வாய் அண்ணாச்சி. ஒண்ணு பதில் சொல்லும், ஒண்ணு புலம்பும். முதல்ல நீங்க ரெண்டையும் ஒரே குழாய்ல விட்டீங்க. பிறகு ஒண்ண அடைச்சீங்க. பதில் ஸ்பீக்கருக்குப் போகட்டும். புலம்பல் யாரு முன்னாடி வரணும்?"

பெர்க்மான்ஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ஸ்பீக்கர் பழையபடி சுத்தமாகப் பேசியது. வார்னிங் வரிகள் பெர்க்மான்ஸ் மேசையில் தனித் திரையில் சிவப்பாக வந்தன. அவர் போனிலும் வந்தன. அடுத்த அரை மணிக்கு ஒரு சிவப்பு வரி. அதற்கடுத்த அரை மணிக்கும் அதே வரி. மூன்றாம் தடவையும் அதே. சந்தியாகு வள்ளம், பேட்டரி குறைவு.

"சந்தியாகுவ வர்ணம் பூசக் கரையில கவுத்துப் போட்டிருக்கான்" என்றார் பெர்க்மான்ஸ். "நான் காலையில பாத்துட்டுத்தான் வந்தேன். அது இப்ப கடலுக்கே போகாது. ஆனாலும் இது நிறுத்தாம கத்துது. இத ஒண்ண மட்டும் மூடலாமா டீச்சர்?"

"மூடலாம்."

பெர்க்மான்ஸ் அதற்கான வரியைத் தட்டினார். கடைசிப் பொத்தானுக்குமேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அழுத்தவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"பயமா இருக்கு டீச்சர். எத மூடலாம், எத மூடக் கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எதையும் மூடலாம்" என்றார் டீச்சர். "காது குடுத்துக் கேட்டதுக்கு அப்புறம்."